பரணில் கிடக்கும் புத்தகத்தின் உரிமையை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எழுபது வயதைத் தாண்டியவர். மூன்று புத்தகங்கள் எழுதியிருக்கிறார்: சொந்த ஊரின் வரலாறு, ஒரு சிறுவர் கதைத் தொகுப்பு, ஒரு நாவல். ஒவ்வொன்றும் ஐந்நூறோ ஆயிரமோ பிரதி அச்சானது. கொஞ்சம் அரசு நூலகங்கள் வாங்கும் நூலக ஆணையில் போனது, கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு அன்பளிப்பாகப் போனது, மீதி பரணில். மறுபதிப்பு வரவில்லை. இப்போது பழைய மாணவர் ஒருவர் வந்து, "மின்னூலாப் போட்டுடலாம் சார், எங்கிருந்து வேணும்னாலும் படிப்பாங்க" என்கிறார். சாருக்கு உடனே வரும் சந்தேகம்: "அப்போ என் உரிமை?"

நியாயமான சந்தேகம்தான். ஆனால் இதற்கு இரண்டே பதில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வது, இல்லையென்றால் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடுவது. நடுவில் நாலைந்து வழி இருக்கிறது. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்று புத்தகத்துக்கும் ஒரே முடிவு எடுப்பது தப்பு. எந்த முடிவும் எடுக்காமல் விடுவது அதைவிடப் பெரிய தப்பு.

முதலில், உரிமை உங்களிடம்தான் இருக்கிறதா?

எழுதியவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். இது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை. பதிவு செய்தால்தான் உரிமை என்பது தவறான நம்பிக்கை. எழுதி முடித்த அன்றே உரிமை வந்துவிடும். ஐந்நூறு ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம், நாளை வழக்கு என்று வந்தால் அது ஒரு சான்றாக உதவும், அவ்வளவுதான்.

கதைகள் முன்பு வார இதழில் வந்தவை என்றாலும், வெளியிலிருந்து எழுதி அனுப்பியவருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. தனியாக எதுவும் எழுதிக்கொடுக்காதவரை உரிமை அவருடையது. பத்திரிகையிலேயே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்றால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டும் நிறுவனத்துக்குப் போகும். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் புத்தகமாக்கும் உரிமை அவருக்கே.

அடுத்து, பழைய பதிப்பாளரிடம் என்ன கையெழுத்துப் போட்டோம் என்று பார்க்க வேண்டும். பலர் எதிலும் போட்டிருக்க மாட்டார்கள். வாய்ப்பேச்சு, நட்பு, நூறு பிரதி. அப்படியானால் உரிமை கைமாறவே இல்லை, ஏனென்றால் உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 19-ஆவது பிரிவு. ஒரு பக்க ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் இதே பிரிவு இன்னும் கைகொடுக்கும். எத்தனை வருடம் என்று குறிப்பிடவில்லையா? ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். எந்த நாட்டில் என்று சொல்லவில்லையா? இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவில்லையா? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அது காலாவதி. பதினைந்து வருடம் முன்பு போட்ட ஒரு பக்க ஒப்பந்தத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும் எழுத்தாளர்கள் இந்த ஒரு பிரிவைப் படித்தாலே பாதிப் பயம் போய்விடும்.

காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பெரியாரின் 'குடி அரசு' எழுத்துகள் தொடர்பான வழக்கைப் பாருங்கள். அவற்றைத் தொகுத்து வெளியிடப் பெரியார் திராவிடர் கழகம் முனைந்தபோது, உரிமை தங்களுடையது என்று சொல்லிப் பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உரிமை எழுத்தில் கைமாறியதை நிறுவனம் காட்டாததால், 2009-இல் நீதிமன்றம் தடை தர மறுத்தது. அவர் உருவாக்கி வளர்த்த நிறுவனமே கேட்டும் இதுதான் கதி என்றால், ஒரு சின்னப் பதிப்பகத்தின் "எங்களிடம்தான் உரிமை இருக்கு" என்ற வாய்ச்சொல் எம்மாத்திரம்?

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். புத்தகத்துக்குள் இருக்கும் எல்லாமே உங்களுடையது இல்லை. அட்டை ஓவியம், யாரோ எடுத்த கோயில் புகைப்படம், முழுதாக எடுத்துப் போட்ட சினிமாப் பாட்டு. இவற்றைப் பயன்படுத்த நீங்கள் யாருக்கும் உரிமம், அதாவது அனுமதி, தர முடியாது. அட்டையை மாற்றிவிடலாம், படத்துக்கு அனுமதி கேட்கலாம், பாட்டில் இரண்டு வரி வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடலாம்.

அப்படியே விட்டுவிட்டால்

எதையும் செய்யவில்லை என்றால் சட்டம் ஒரு முடிவை உங்களுக்காக எடுத்துவிடும்: எல்லா உரிமையும் உங்களுக்கே, உங்கள் ஆயுள் முழுக்க, அதன் பிறகு 60 வருடம். முன்பு 50 ஆக இருந்தது. தாகூர் எழுத்துகளின் உரிமை 1991 முடிவில் தீரப்போகிறது என்றதும் இன்னும் பத்து வருடம் கூட்டினார்கள். இலங்கையில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 70 வருடம்.

கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஆசிரியர் 2035 வரை இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஊர் வரலாறு 2095 முடியும் வரை யாரும் தொட முடியாது. ஆனால் அதற்குள் உரிமை மூன்று பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பிரிந்திருக்கும். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. 2060-இல் ஒரு பதிப்பாளர் அந்த நூலை மறுபதிப்பு செய்ய ஆசைப்பட்டால் எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்? ஐந்நூறு பிரதி விற்கும் புத்தகத்துக்காக யாரும் அந்த அலைச்சலுக்குத் தயாராக மாட்டார்கள். தமிழில் நல்ல புத்தகங்கள் இப்படித்தான் காணாமல் போகின்றன. யாரும் திருடிப் போகவில்லை. சம்மதம் சொல்ல ஆள் இல்லாமல் போயின.

அதனால் உரிமையை முழுதாக வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் கூடவே ஒரு உயிலும் எழுதுங்கள். வீடு, நிலம் எழுதும் அதே உயிலில், இலக்கிய உரிமைகளை இன்ன ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு பத்தி சேர்த்தால் போதும். செலவில்லாத வேலை. ஆனால் செய்கிறவர்கள் அபூர்வம்.

பதிப்பாளரிடம் கொடுப்பது

மறுபதிப்புக்கு ஒரு பதிப்பாளர் கிடைத்தால் நல்ல விஷயம்தான். ஆனால் உரிமையையே எழுதிக்கொடுப்பது வேறு, அச்சிட அனுமதி தருவது வேறு. முதலாவது வீட்டை விற்பது, இரண்டாவது வாடகைக்கு விடுவது. ராயல்டி இரண்டிலும் வழக்கமான பத்து சதவீதமாகவே இருக்கலாம், ஆனால் திரும்ப வாங்குவதில் வித்தியாசம் மலையளவு.

சின்னப் புத்தகத்துக்கு நான் எப்போதும் அனுமதி என்ற பக்கம்தான் நிற்பேன். அச்சு மட்டும், மூன்று அல்லது ஐந்து வருடம், இத்தனை பிரதிக்குள், ஒரு வருடமாகப் புத்தகம் கடையில் கிடைக்கவில்லை என்றால் அனுமதி தானாக ரத்து. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனி வரியாக, "ஆசிரியரிடமே" என்று. "இனி வரப்போகும் எல்லா ஊடகங்களுக்கும்" என்று மொத்தமாக ஒரு வரி எழுதி வாங்கும் பழக்கத்துக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. ஒப்பந்தம் போடும்போது புழக்கத்தில் இல்லாத ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால் அதற்கான உரிமை மாறாது. ஆனாலும் சட்டம் காப்பாற்றும் என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டாம். வழக்கு நடத்தும் செலவு பத்து வருட ராயல்டியை விழுங்கிவிடும்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் நீங்களே போடுவதும் உண்டு. உரிமை உங்களிடமே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, நீங்கள் நிறுத்தாவிட்டால் அது தானாக அடுத்த 90 நாளுக்கு நீளும். அதனால் திறந்த உரிமத்தில், அதாவது எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதி கொடுத்து, வெளியிட்ட பிறகு கிண்டில் செலக்ட் என்பது நடக்காது. கிண்டிலில் கொஞ்ச நாள் விற்றுப் பார்த்துவிட்டு அப்புறம் திறந்துவிடுவது நடக்கும். வரிசை முக்கியம்.

திறந்துவிடுவது, எவ்வளவு?

கிரியேட்டிவ் காமன்ஸ் என்றாலே "எல்லாம் இலவசம், உரிமை போச்சு" என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு. உரிமை உங்களிடமே இருக்கிறது. சில செயல்களுக்கு மட்டும், எல்லோருக்கும், முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைக்கிறீர்கள். 2002 முதல் இருக்கும் ஏற்பாடு. மொத்தம் ஆறு உரிமங்கள், நாலு நிபந்தனைகளைக் கலந்து செய்தவை: பெயர் குறிப்பிடு, லாபத்துக்குப் பயன்படுத்தாதே, மாற்றாதே, மாற்றினால் அதே உரிமத்தில் வெளியிடு. பெயர் குறிப்பிடுவது ஆறிலும் உண்டு.

முன்பு சொன்ன 2060-ஆம் ஆண்டுப் பதிப்பாளரை நினைத்துக்கொள்ளுங்கள். லாபத்துக்குப் பயன்படுத்தவும் இடம் கொடுக்கும் திறந்த உரிமம் இருந்தால் அவர் யாரையும் தேடிப் போக வேண்டாம். சம்மதம் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஏற்பாட்டின் பெரிய பலனே இதுதான், இலவசம் என்பது அடுத்ததுதான்.

நம் எழுத்தாளர்களின் கை முதலில் போகும் இடம், மிக இறுக்கமான உரிமம்: லாபத்துக்குக் கூடாது, மாற்றவும் கூடாது. காரணம் புரிகிறது. "என் எழுத்தை வைத்து எவனோ காசு பார்ப்பான்" என்ற எண்ணம். சரி, யார் அந்த எவன்? ஊர் வரலாற்றை அச்சிட்டுத் திருவிழாவில் அறுபது ரூபாய்க்கு விற்கும் உள்ளூர் அச்சகத்துக்காரர். அவர் நூறு பிரதி விற்றால் புத்தகம் நூறு வீட்டுக்குப் போகிறது. அவருக்கும் சேர்த்துத்தான் கதவை மூடுகிறோம். விக்கிப்பீடியாவும் அதன் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸும் "லாபத்துக்குக் கூடாது" என்ற நிபந்தனை உள்ள எதையும் ஏற்பதில்லை. ஆசிரியர் வரைந்த ஊர் வரைபடம், அவரே எடுத்த கல்வெட்டுப் படம், எல்லாம் வெளியே நிற்கும். "மாற்றக் கூடாது" என்றால் மொழிபெயர்ப்பையும் வெளியிட முடியாது.

அந்தப் பயத்துக்குச் சரியான மருந்து "அதே உரிமத்தில் வெளியிடு" என்ற நிபந்தனை. ஒருவர் விரிவாக்கியோ மொழிபெயர்த்தோ விற்கலாம், ஆனால் அவர் செய்ததும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். யாரும் வேலி போட முடியாது. விக்கிப்பீடியாவின் உரிமமும் இதுதான். உரிமத்தை மீறினால், உதாரணமாகப் பெயரை எடுத்துவிட்டு வெளியிட்டால், அவருக்கான அனுமதி ரத்தாகி அது சாதாரணப் பதிப்புரிமை மீறலாகிவிடும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் நாலாம் வடிவத்தில் (4.0), தப்பு தெரிந்து 30 நாளுக்குள் சரிசெய்தால் அனுமதி மீண்டும் உயிர்பெறும். நிபந்தனைகள் எல்லாம் மற்றவர்களுக்குத்தான், ஆசிரியருக்கு அல்ல. லாபத்துக்குக் கூடாது என்று உரிமம் போட்டுவிட்டு அவரே அச்சுப் பிரதி விற்கலாம்.

உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது: இந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. நாளை மனம் மாறினால் உங்கள் தளத்திலிருந்து எடுக்கலாம், ஏற்கெனவே எடுத்துப் போனவர்களின் அனுமதி அப்படியே இருக்கும். அதனால் திறப்பதற்கு முன்பு ஒருமுறை புத்தகத்தை எதிராளியின் கண்ணால் படிக்க வேண்டும். முக்கியமாக ஊர் வரலாறு. ஐந்நூறு பிரதியில் இருந்தபோது, எந்த வீட்டுப் பெண் யாரோடு போனார், எந்தக் குடும்பம் எந்த வழக்கில் சிக்கியது என்பதெல்லாம் ஊருக்குள் பேசும் கதை. மின்னூலாகி, இணையத்தில் தேடக்கூடிய யூனிகோடு எழுத்தில் ஏறிவிட்டால் அந்தப் பெண்ணுடைய பேத்தியின் பெயரைத் தேடும் யாருக்கும் அது முதல் பக்கத்தில் வரும். 1994-இல் ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் இதழின் ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சொன்னது: பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம், அதற்கு வெளியே, ஒருவரின் குடும்பம், திருமணம் போன்ற சொந்த விஷயங்களைச் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. சட்டத்துக்கு முன்னால் இது மரியாதை சார்ந்த விஷயம். நிலவரி ஆவணம், கோயில் கணக்கு, பஞ்சாயத்துத் தீர்மானம் எல்லாம் இருக்கட்டும். வீட்டுக் கதைகளில் பெயரை எடுத்துவிடலாம், வரலாறு ஒன்றும் குறைந்துவிடாது.

எங்கே போடுவது என்பது எளிது. இந்த உரிமங்களில் நூல்களை வெளியிடும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் போன்ற தன்னார்வ முயற்சிகள் இருக்கின்றன. சிறுவர் கதைகளுக்குப் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம் இருக்கிறது. அங்கே எல்லாமே பெயர் மட்டும் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமம். தமிழில் போட்ட கதையை யாராவது ஒடியாவிலோ கோண்டியிலோ மொழிபெயர்க்கலாம், அதற்காகவே கட்டியது. உண்மையில் அதிக வேலை பழைய கோப்புகளில்தான். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய ஏதோ ஒரு எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அதை மாற்றி மெய்ப்புப் பார்க்கப் பிடிக்கும் நேரத்தில் உரிமத்தைப் பற்றி நாலு முறை யோசித்துவிடலாம்.

துறப்பதும் நாட்டுடைமையும்

உரிமையை முழுதாகத் துறக்கவும் வழி உண்டு. 21-ஆவது பிரிவின்படி பதிப்புரிமைப் பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுக்கலாம், 2012-க்குப் பிறகு பொது அறிவிப்பும் போதும். எனக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. பெயரைக் குறிப்பிடச் செய்யும் எளிய திறந்த உரிமமே அதே வேலையை, குழப்பம் குறைவாகச் செய்துவிடுகிறது. ஆசிரியரின் பெயரும் எழுத்தின் மானமும் 57-ஆவது பிரிவில் தனியாகப் பாதுகாக்கப்படுகின்றன. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமாக்கியவர்கள் மீது தொடுத்த வழக்கில், உரிமையை விற்ற பிறகும் சிதைப்பைத் தட்டிக்கேட்க ஆசிரியருக்கு இடமுண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 1986-இல் சொன்னது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

நாட்டுடைமை தமிழ்நாட்டுக்கே உரிய வழி. பாரதியின் படைப்புரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசு பெற்றதில் தொடங்கியது. அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுக்கும், நூல்களை யாரும் வெளியிடலாம். 2024-இல் கருணாநிதியின் நூல்கள் தொகை ஏதுமின்றி நாட்டுடைமையாயின. கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையானதன் பலன் எந்தப் புத்தகக் காட்சிக்குப் போனாலும் தெரியும்: கடைக்குக் கடை 'பொன்னியின் செல்வன்', விலைக்கு விலை வேறு, பிழைக்குப் பிழையும் வேறு. அதே பட்டியலில் இருக்கும் பல அறிஞர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்த பக்கங்களாக இருக்கின்றன, யாரும் மறுபடி அச்சிடவில்லை. திறந்தால் மட்டும் வாசகர் ஓடிவந்துவிடுவதில்லை. ஆனால் தேடி வருகிறவருக்குப் புத்தகம் கிடைக்கிறது.

நம் ஆசிரியருக்கு இது ஒரு வழியே அல்ல. யாரைச் சேர்ப்பது என்பது அரசின் கையில், பெரும்பாலும் மறைந்தவர்கள். காத்திருந்து எடுக்கும் முடிவு முடிவே இல்லை.

மூன்று புத்தகம், மூன்று பதில்

ஊர் வரலாற்றைத் திறந்துவிடலாம். பெயர் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற உரிமம். இதில் பணம் வரப்போவதில்லை, வந்தாலும் சொற்பம். அதை மேற்கோள் காட்டப்போகும் ஆய்வு மாணவர்களும் அந்த ஊரிலிருந்து வெளியே போனவர்களும்தான் வாசகர்கள். தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. ஆகவே இறுக்கிப் பிடித்தாலும் தகவல் போய்விடும், உங்கள் பெயர்தான் பின்தங்கும்.

சிறுவர் கதைகளில் பாதியை ஸ்டோரிவீவருக்கு. மீதியை வைத்துக்கொண்டு, படங்களோடு கொண்டுவர ஒரு பதிப்பாளரைத் தேடலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நாவலை நான் திறக்க மாட்டேன். சினிமாக்காரர்கள் கதையைத் திருடுவார்கள் என்பதற்காக அல்ல. கதைக்கருவுக்குப் பதிப்புரிமை இல்லை என்று, தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, உரிமம் எதுவானாலும் அந்த ஆபத்து அப்படியேதான். ஆனால் நாவலுக்கு மட்டும்தான் தாமதமாக ஒரு வாழ்வு வர வாய்ப்பிருக்கிறது. ஒரு நல்ல மறுபதிப்பு, ஒரு ஒலிநூல், ஒரு மொழிபெயர்ப்பு. திறந்துவிட்டதைத் திரும்ப மூட முடியாது, மூடி வைத்ததை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். அதனால் ஐந்து வருட அச்சு அனுமதி, கிண்டிலில் சொந்தமாக, உயிலில் ஒரு பத்தி: நாவலின் உரிமை மகளுக்கு, தான் இறந்து பத்து வருடத்தில் நாவல் எங்கும் விற்பனையில் இல்லையென்றால் அதையும் ஊர் வரலாற்றின் உரிமத்திலேயே அவர் வெளியிட வேண்டும். இந்த வாசகத்தை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டி எழுதிக்கொள்ளுங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது, அவர் நாவலைப் படித்திருக்கிறாரா என்பதும் தெரிந்துவிடும்.